பூப்பாரில் படிந்த கல்மாவு

"வாய்க்கா முடிஞ்சதுக்கப்புறம் மீனெல்லாம் எங்கப்பா போவும்?"

சஹானா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. யூரியா சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, குட்டையின் கரைமேல் நின்றிருந்தாள். நல்ல மழை. அவள் அப்பா ஸ்ரீபாலன் அப்போதுதான் மண்வெட்டியால் கரையை வெட்டி முடித்து நிமிர்ந்திருந்தார். வெட்டின இடத்தில் சாம்பல் நிறத் தண்ணீர் பாய்ந்து வாய்க்காலில் விழுந்தது. அதோடு கெண்டையும் குரவையும் துள்ளிப் போயின.

"கடலுக்குப் போவும்மா. கடல் பெருசு. எல்லாத்துக்கும் அங்க எடம் இருக்கும்."

குழந்தைக்கு அந்தப் பதில் போதுமாயிருந்தது. ஸ்ரீபாலனுக்கும் போதுமாயிருந்தது. அந்த வாய்க்கால் போய் முடியும் இடத்தை அவர் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், உள்ளே தள்ளி, அவருடைய எம்-சாண்ட் ஆலை இருந்தது. பாறையை உடைத்து, நொறுக்கி, கழுவி, ஆற்று மணலுக்குப் பதிலாகக் கட்டட வேலைக்கு அனுப்புவார்கள். கழுவும்போது பிரியும் மிக மெல்லிய தூளுக்குக் கல்மாவு என்று பெயர். அது தண்ணீரோடு போய்ப் பழைய குவாரிப் பள்ளம் ஒன்றில் படியும். அந்தப் பள்ளத்தைத்தான் குட்டை என்றார்கள். ஆலையில் குமரேசன் என்பவர் பங்குதாரர். நிலம் ஸ்ரீபாலனின் அப்பா வைத்துவிட்டுப் போனது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலைகூட விளையாத கல்லாங்காடு.

ஸ்ரீபாலன் சமணர். நயினார் என்றுதான் அக்கம்பக்கத்தில் அழைப்பார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். எறும்பு ஊர்ந்தால் நின்று வழி விடுவார். பூமியைப் பிளக்கிற தொழில் அவர் மனதை உறுத்தாமல் இல்லை. ஆனால் அது இருக்கிற தொழில், வேறு தொழில் தெரியாது. உறுத்தலை அன்னதானத்திலும் கோயில் திருப்பணியிலும் கரைத்து வந்தார்.

ஆலை தொடங்கிய ஆண்டின் கோடையில் குட்டை வற்றியது. கல்மாவை அள்ள ஜேசிபி வந்தபோது சேற்றுக்குள் மீன்கள் வாய் பிளந்து துடித்தன. வேலையாட்கள் சட்டியோடு இறங்கினார்கள். மிச்சத்தைக் காக்கைகள் கொத்தின. ஸ்ரீபாலன் அன்றும் மறுநாளும் சாப்பிடவில்லை. இனி இந்தக் குட்டையில் ஓர் உயிரும் தன்னால் சாகக்கூடாது என்று விரதம் எடுத்துக்கொண்டார். அதிலிருந்து ஒவ்வோர் ஐப்பசியிலும் மழை வலுக்கும்போது கரையை வெட்டி, மீன்களைத் தண்ணீரோடு வெளியே விட்டுவிடுவார். கல்மாவும் கூடவே போய்விடும். அள்ளுகிற வேலையும் இல்லை.

"நயினாருக்குப் புண்ணியம், நமக்கு டிப்பர் மிச்சம்," என்று குமரேசன் சிரிப்பார்.

கருணையும் ஆதாயமும் ஒரே திசையில் ஓடும்போது நாம் யாரும் அதை நிறுத்திச் சோதிப்பதில்லை. ஸ்ரீபாலனும் சோதிக்கவில்லை.

குடும்பம் விழுப்புரத்தில் இருந்தது. சஹானாவின் படிப்புக்காக அங்கே வீடு கட்டிக் குடியேறியிருந்தார்கள். அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அந்தப் புயல் வந்தது. ஒரே இரவில் தெருவெல்லாம் ஆறாகிவிட்டது. கீழ்த்தளம் மூழ்கியது. ஸ்ரீபாலனும் மனைவி ஞானமதியும், காய்ச்சலில் கொதித்த மகளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்கடியில் ஒண்டினார்கள். பெண்ணுக்கு வாய் குழற ஆரம்பித்திருந்தது.

மரக்காணத்துப் பக்கத்து மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அதில் ஒன்று மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வந்து நின்றது. படகில் இரண்டு பேர்.

"ஏறுங்கம்மா, ஜல்தி!" என்றான் முன்னால் இருந்தவன். அவன் பெயர் சின்னதுரை.

ஞானமதி குனிந்து பார்த்தாள். படகின் அடியில் செதில்களும் குடலும் ஒட்டிக் கிடந்தன. ஆனாலும் ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள். சின்னதுரை அவள் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"நயினார் வூட்டாளுங்களா?"

"ஆமாங்க."

"இருங்க. காலை எடுத்துடுங்க. ஒரு நிமிசம்."

படகைச் சுவரில் கட்டினான். வெள்ளத் தண்ணீரையே மொண்டு மொண்டு ஊற்றி, தேங்காய் நாரால் பலகையைத் தேய்த்தான்.

"இன்னாடா, பொண்ணு பாக்கவா வந்துக்கீற? இன்னும் நாலு தெரு பாக்கி கீது!" என்று பின்னாலிருந்தவன் கத்தினான்.

"சும்மா கெடடா. பொறந்ததுல இருந்து மீன் தொட்டிருக்க மாட்டாங்க. வூடு போன நாள்லயா தொடணும்?"

குளிருக்குப் போர்த்திக்கொள்ள அவன் மனைவி கொடுத்தனுப்பிய புதுச்சேலை ஒன்று பாலித்தீன் பையில் இருந்தது. அதைப் பிரித்துப் படகில் விரித்தான். "இப்ப ஏறுங்க. பாப்பாவ இதுமேல படுக்க வைங்க."

சஹானா பிழைத்தாள். கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் ஞானமதி பின்னால் யாரிடம் பேசினாலும் உயிர் பிழைத்ததை முதலில் சொல்ல மாட்டாள். அந்த மனிதர் படகைக் கழுவியதைத்தான் சொல்வாள்.

பொங்கல் கழிந்து ஸ்ரீபாலன் ஒரு புதுச்சேலையும் ஒரு மூட்டை மல்லாட்டையும் எடுத்துக்கொண்டு சின்னதுரையைத் தேடிப் போனார். கடலோரக் குப்பத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. சின்னதுரையின் மனைவி ஆரோக்கியசெல்வி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சேலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"சேலைக்குச் சேலையா நயினாரே? அப்போ படகுக்குப் படகு குடுப்பீங்களா?"

"கேட்டா குடுத்துடுவாரு, சும்மா இரு," என்றான் சின்னதுரை. "ஒக்காருங்க. மல்லாட்டைய அவிச்சுத் தரச் சொல்றேன், எங்க வூட்டுச் சட்டி வேணாம், பக்கத்துல புதுச்சட்டி வாங்கியாறேன்."

ஸ்ரீபாலன் தடுத்து உட்கார்ந்தார். சின்னதுரை வலையில் சிக்கிய ஏதோ ஒன்றைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தான். கை அகலம், கிளை கிளையாக, சிமென்ட் பூசியதுபோல் இருந்தது.

"இது இன்னா கல்லு?"

"கல்லு இல்ல நயினாரே. பவளம். நாங்க பூன்னு சொல்லுவோம். அங்க தெரியுது பாருங்க, அந்த மிதவைப் போயாவுக்கு அந்தாண்ட, தண்ணிக்கடியில ஒரு பாரு இருக்குது."

கடலடிப் பாறைத் திட்டுக்கு மீனவர்கள் சொல்லும் பெயர் பார். சின்னதுரைக்கு மூச்சுப் பிடித்து மூழ்கி சிங்கி இறால் எடுக்கும் பழக்கம் உண்டு. அதனால் அந்தப் பாரை அவன் தன் வீட்டைப் போல அறிந்திருந்தான்.

"பூப்பாருன்னு பேரு. மஞ்சளும் ஊதாவுமா இருக்கும். எங்கப்பா காலத்துல இருந்து கலவா மீனும் சங்கரா மீனும் அங்கதான். இதெல்லாம் செடின்னு நெனச்சிக்கினு இருந்தோம். காலேஜ் பசங்க வந்து முங்கிப் பாத்துட்டு, இல்லண்ணே, இது உசுருங்க, ஒரு கொம்புல ஆயிரக்கணக்குல ஒட்டிக்கினு இருக்குது, ராவுல வாயத் தொறந்து தின்னும்னாங்க. அப்புறம் நானே டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். நெசந்தான். சின்னச் சின்னதா கை நீட்டுது."

"அப்போ இது?"

"செத்துப்போச்சு." அவன் அதைத் தரையில் வைத்தான். "ஏழெட்டு வருசமா மழை புடிச்சா ஒரு வெள்ளைத் தண்ணி வருது. ஆத்துத் தண்ணின்னா செவப்பா வரும், ரெண்டு நாள்ல போயிடும். இது போவாது. மேல போய் ஒக்காந்துக்கும். இதுங்க சளி மாதிரி ஒண்ண விட்டு அந்த மாவைத் தள்ளப் பாக்கும். தள்ளும், தள்ளும். எத்தினி நாளைக்குத் தள்ளும்? ஓஞ்சிபோயிடும். மூச்சு முட்டிச் செத்துடும். பூ போனா மீனு போச்சு."

"எங்கேர்ந்து வருதாம்?"

"யாருக்குத் தெரியும்? மேக்கே அம்மாம் கிரஷர் ஓடுது. ஆனா ஒண்ணு, அந்தத் தண்ணி வர்ற அன்னிக்குக் கழிமுகத்துல கெண்டையும் குரவையும் செத்து மெதக்கும். நல்ல தண்ணி மீனு, உப்புல எப்படிப் பொழைக்கும்? எவனோ குட்டையைத் தொறந்து வுடுறான்."

ஸ்ரீபாலன் கையை நீட்டி அந்தக் கொம்பை எடுத்தார். மேலே படிந்திருந்ததைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்தார். மணலின் தரம் பார்க்க அவர் தினமும் அப்படித் தேய்ப்பார். கேப்பை மாவைப் போன்ற வழவழப்பு. அது தன் ஆலையில் கழுவியது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"மேக்கால ஓரம் முழுக்கப் போச்சு," என்று சின்னதுரை சொல்லிக்கொண்டிருந்தான். "கெழக்கு ஓரத்துல கொஞ்சம் உசுரு இருக்குது. இன்னும் ஒரு மழைக்கு அந்த மாவு வந்தா அதுவும் அவுட்டு. அப்புறம் நான் மங்களூரு போட்டுக்குத்தான் போவணும்."

ஆரோக்கியசெல்வியின் சிரிப்பு நின்றுபோயிற்று. "அந்தப் பேச்ச எடுக்காத. உங்க அண்ணன் அந்த போட்டுலதான் போனாரு. ஒடம்புகூட வந்து சேரல. பாரு இருக்கிற வரைக்கும் நீ இங்க இருக்கிற. அவ்ளோதான்."

ஸ்ரீபாலன் அந்தக் கொம்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஞானமதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கரையை வெட்டி வெளியே விட்ட மீன்களும் சாகின்றன, அவை போன இடத்து உயிர்களும் சாகின்றன என்றார்.

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "அவருகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஏன்?"

"வாய் வரல."

"நம்ம பொண்ணு அவரு பொண்டாட்டி சேலைமேல படுத்துக்கினு வந்தா," என்றாள் ஞானமதி.

வெட்கம் ஒரு மனிதனை எத்தனை மாதமும் உட்கார வைத்துவிடும். கோடை வந்தது. புயல் மழையில் நிரம்பிய குட்டை அந்த ஆண்டு வற்றவில்லை. கல்மாவு அள்ளப்படாமல் அடியில் ஏறிக்கொண்டே வந்தது. ஆடி போய் ஆவணி போய்ப் புரட்டாசியும் கடைசிக்கு வந்தபின்தான் ஸ்ரீபாலன் மனைவியை அழைத்துக்கொண்டு மறுபடியும் அந்தக் குப்பத்துக்குப் போனார். வாசலிலேயே நின்று சொன்னார்.

"அந்தக் குட்டையைத் தொறந்து வுட்டவன் நான்தாம்பா. மீனு சாவக்கூடாதுன்னு வெட்டி வுட்டேன்."

சின்னதுரை முதலில் புரியாதவன்போல் பார்த்தான். ஆரோக்கியசெல்விக்கு உடனே புரிந்துவிட்டது.

"மீனு சாவக்கூடாதுன்னா?" என்று எழுந்தாள். "ஒங்க வூட்டுக் குட்டை மீனு உசுரு, எங்க கடல்ல இருக்கிறது உசுரில்லையா? நாங்க புடிச்சுத் தின்னா பாவம். நீங்க மூடிக் கொன்னா புண்ணியமா? கால்ல செதிலு படக்கூடாதுன்னு என் புதுச்சேலையை விரிச்சானே இந்தப் பைத்தியக்காரன்!"

"செல்வி, வுடு," என்றான் சின்னதுரை.

"இன்னாத்த வுடறது? தெரிஞ்சு எத்தினி மாசம் ஆச்சு? பொங்கலுக்கு வந்து அந்தக் கொம்பைத் தடவிப் பாத்தாரே, அப்பவே தெரியும் இவருக்கு. மல்லாட்டை மூட்டையைப் போட்டுட்டுப் பேசாம போனாரு!"

ஞானமதி அழுதாள். ஸ்ரீபாலன் தலைகுனிந்து நின்றார். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சின்னதுரை கடலைப் பார்த்தபடி கேட்டான். "இந்த மழைக்கு வெட்டுவீங்களா?"

"வெட்ட மாட்டேன்."

"வெட்டலன்னா போதும். கெழக்கு ஓரம் தப்பிச்சிடும். ஒரு வருசம் சுத்தமா இருந்துச்சுன்னா அதுலேர்ந்து மறுபடி பரவும்னு பசங்க சொல்றாங்க. ஆவுதா பாக்கலாம்." பிறகு, "வெயில்ல நிக்காதீங்கம்மா, உள்ள வாங்க," என்று ஞானமதியிடம் சொன்னான்.

ஆரோக்கியசெல்வி உள்ளே போய்விட்டாள். அவர்கள் போகும்வரை வெளியே வரவில்லை.

ஐப்பசி மழை அந்த முறை முன்னதாகவே பிடித்தது. தீபாவளிக்கு முந்தின நாள் குமரேசனிடமிருந்து போன் வந்தது.

"யோவ் நயினாரே, குட்டை ரொம்பிப் போச்சு. இன்னும் வெட்டாம இன்னா பண்ணிக்கினு கீற?"

"இந்த வருஷம் வெட்டல, குமரேசா."

"வெட்டலன்னா தானா ஒடையும். பழைய வெட்டுல லூஸ் மண்ணுதான் கீது. ஒடஞ்சா மாவு மொத்தமும் ஒரே அடியா போவும். இன்னா பேஜாரா போச்சு ஒன்னோட!"

"கீழ்க்குழிக்கு எறைச்சு வுட்டுடறேன்."

கீழ்க்குழிதான் அப்போது கல் எடுத்துக்கொண்டிருந்த இடம். ஆழமானது. அதில் அந்தச் சேற்றுத் தண்ணீரை விட்டால் அந்தப் பாறையை மறந்துவிட வேண்டியதுதான்.

"அப்புறம் கல்லுக்கு எங்கய்யா போறது?"

"அது என் நிலம்தானே. நஷ்டம் என்னோட இருக்கட்டும். ஆலைக்குக் கல்லு வெளியில வாங்கிக்க."

"ஒனக்கு மூளை கலங்கிப் போச்சு. நாளைக்கு ஒரு ஆள் வர மாட்டான், தெரியுமில்ல? நானும் வர மாட்டேன்," என்று குமரேசன் போனை வைத்துவிட்டார்.

சமணர்களுக்குத் தீபாவளி வர்த்தமான மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். விடியலில் கோயிலுக்குப் போய் வழிபடுவது வழக்கம். நினைவு தெரிந்த நாளிலிருந்து ஸ்ரீபாலன் அதைத் தவறவிட்டதில்லை. அன்று மனைவியையும் மகளையும் அனுப்பிவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் திண்டிவனம் சாலையைப் பிடித்தார்.

ஆலையில் யாரும் இல்லை. காவலாளியும் ஊருக்குப் போயிருந்தான். குட்டையில் தண்ணீர் கரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. பழைய வெட்டு இருந்த இடத்தில் வெளிப்பக்கமாக ஒரு கசிவு. விரல் பருமன்தான். சாம்பல் நிறம்.

முதலில் மணல் மூட்டைகளை இழுத்து வந்து அந்த இடத்தில் அடுக்கினார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, மூன்றாவது மூட்டையிலேயே நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு டீசல் இஞ்சினைக் கரைக்குத் தள்ளி வந்து, உறிஞ்சு குழாயைக் குட்டையில் இறக்கி, மறுமுனையைக் கீழ்க்குழியின் பக்கம் நீட்டினார். அவர்கள் வீட்டில் எந்தக் குழாயையும் துணி கட்டாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். சிறு உயிர்கள் உள்ளே போய் அடிபடாமல் இருக்க, வாய்ப்பக்கத்தில் வெள்ளைத் துணியை மடித்துக் கட்டுவார்கள். அன்றும் கட்டினார்.

இஞ்சின் ஓடியது. சிறிது நேரத்தில் திணறியது. குழாயை இழுத்துப் பார்த்தால் துணி முழுக்கக் கல்மாவு அப்பியிருந்தது. அலசிக் கட்டினார். மறுபடியும் அடைத்தது. மெல்லிய துணியாக மாற்றிக் கட்டினார். அதுவும் அடைத்தது. மழை விடவில்லை. கரையின் கசிவு விரல் பருமனிலிருந்து கை பருமனாகியிருந்தது. மூட்டைகளுக்குக் கீழே மண் இளகி அசைந்தது.

ஸ்ரீபாலன் அந்தத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். குட்டையின் ஓரத்தில் கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மழைத்துளிகளை வாயால் தொட்டுத் தொட்டுப் போயின. அவற்றுக்காகத்தான் அவர் விரதம் எடுத்தார். துணி இருந்தால் அவை பிழைக்கும், கரை உடையும். துணி இல்லாவிட்டால் கரை நிற்கும், பம்பின் இறக்கைக்குள் அவை போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்குமா என்று அவர் தேடினார். சென்ற கோடையில் தேடியிருந்தால் இருந்திருக்கும். பீப்பாய் வைத்து ஏரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். இப்போது இல்லை.

சமணர்கள் தினமும் ஓதும் பஞ்ச மந்திரத்தை உச்சரிக்க வாய் எடுத்தார். இந்தக் காரியத்தின் மேல் அதைச் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. நிறுத்திவிட்டார். தண்ணீரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்.

"இது என் கணக்குல சேரட்டும். பொறுத்துக்குங்க."

துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, குழாயை இறக்கி, இஞ்சினைத் திருகினார். இந்தத் தடவை அது திணறவில்லை. தண்ணீர் கனமாக ஏறிக் கீழ்க்குழியில் அருவியாக விழுந்தது. சாம்பல் நீரில் அவ்வப்போது வெள்ளியாய் ஏதோ மின்னியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்காமல் இருந்தது போதும் என்று நினைத்தார்.

உச்சிப் பொழுதில் ஞானமதி போன் செய்தாள். "கோயில்ல எல்லாரும் உங்களைக் கேட்டாங்க. அங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க தனியா?"

"கரையைப் பாத்துக்கினு இருக்கேன்."

"நிக்குமா?"

"நிக்கும்."

அவர் அவளிடம் வேறொன்றும் சொல்லவில்லை. பின்னாலும் சொல்லவில்லை. மரக்காணத்தில் அந்த மழைக்கு வெள்ளைத் தண்ணீர் வரவில்லை என்று சின்னதுரை கவனித்திருப்பான். அதற்கு என்ன கொடுக்கப்பட்டது என்று அவனுக்குத் தெரியாது. கிழக்கு ஓரம் மறுபடி பரவுமா என்பதும் அன்று யாருக்கும் தெரியாது.

பிற்பகலில் கசிவு மெலிந்து நின்றது. கீழ்க்குழியில் தண்ணீர் ஏற ஏற, தன் மகள் காலம்வரை வரும் என்று அவர் நினைத்திருந்த பாறை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. ஸ்ரீபாலன் இஞ்சினுக்கு டீசல் ஊற்றினார். பிறகு கரைக்குப் போய், அடுத்த மூட்டையைத் தூக்கினார்.